இரவல் மூச்சு

2046ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், முற்பகல் பத்து மணி ஐந்து நிமிடம். திருச்சிராப்பள்ளியில் வெப்பம் முப்பத்தொரு பாகை. காற்று கிழக்கிலிருந்து, மெதுவாக. வானிலை நிலையம் உறுதியளித்திருந்த மழை வரவில்லை. மகளிர் கபடிக் கூட்டமைப்பின் மேல்முறையீட்டு அறையில் இருந்த பதினேழு பேரில் மூவர் மட்டுமே இயல்பாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தனர்: நடுவர், தட்டச்சர், வாயிற்காவலர். மற்ற பதினால்வரும் முந்தைய மாலை இறுதியாட்டத்தை நேரில் கண்டவர்கள்.

நடுவர் அங்கயற்கண்ணி அதைப் பார்க்கவில்லை. வழக்கு வரக்கூடிய ஆட்டத்தைப் பார்ப்பது முறையன்று என்று கருதி, அந்த மாலையில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றங்களில் நில எல்லைத் தகராறுகளைக் கேட்டு ஓய்வு பெற்றவர். கபடியில் எல்லைக்கோடு வெள்ளை வண்ணத்தில் தெளிவாக வரையப்பட்டிருக்கும் என்ற ஒரே காரணத்துக்காக இந்தப் பதவியை ஏற்றவர்.

மேசையின் வலப்புறம் கரூர் அணியின் மேலாளர் சென்னியப்பனும் அவருடைய ஆதரவாளர்கள் எட்டுப் பேரும் அமர்ந்திருந்தனர். அவர்கள் ஊதக் கொண்டுவந்த பீப்பிகள் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தன. இடப்புறம் தூத்துக்குடி அணித்தலைவி ஜெசிந்தாவும், நெற்றியில் கட்டுப்போட்ட அவளுடைய தந்தை சந்தியாகு கொரைராவும், ரசிகர் மன்றத்தார் இருவரும். நடுவே, ஒரு பெட்டி நிறையக் கைக்காப்புகளுடன், அவற்றை வடிவமைத்த பொறியாளர் மிதுரன்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க, மிதுரன். எனக்கு ஒன்னும் தெரியாதுன்னே வச்சுக்குங்க," என்றார் அங்கயற்கண்ணி.

"மேடம், ஒரு ரெய்டுக்கு முப்பது செகண்டு. அதுக்குள்ள எதிரணிப் பக்கம் பாடிப் போய், ஒருத்தரையாவது தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பணும்."

"அது எனக்கு அஞ்சு வயசுலயே தெரியும்."

"சரி மேடம். பார்க்க வர்ற கூட்டம் வருஷா வருஷம் கொறஞ்சுது. சும்மா கைதட்டிட்டுப் போக எவன் வருவான்? அதனால ஆட்டத்துலயே அவங்களுக்கு ஒரு பங்கு குடுத்தோம். இந்த மூச்சுக்காப்பைக் கையில மாட்டினா, நீங்க மூச்சு விடறீங்களா, அடக்குறீங்களான்னு தோல் வழியாவே கண்டுபிடிச்சிரும். ரெய்டு நடக்குற முப்பது செகண்டும் பாதிப்பேருக்கு மேல மூச்சைப் புடிச்சா, ரெய்டருக்கு அஞ்சு செகண்டு கூடுதல். அவங்க விடாத மூச்சு, அவளுக்கு. முழுசாப் புடிச்சவங்களுக்குக் காப்பு ஒரு தடவை அதிரும். அந்த அதிர்வுக்காகவே டிக்கெட் வாங்குறாங்க மேடம். இப்ப எங்ககிட்ட பார்வையாளர்னு ஒருத்தருமே கிடையாது. எல்லாரும் பங்காளிங்க."

"பங்காளிகளை நான் நிறையப் பார்த்திருக்கேன்," என்றார் அங்கயற்கண்ணி. "மேல சொல்லுங்க."

மேலே சொல்ல அதிகமில்லை, நாடே அறிந்ததுதான். இரண்டே பருவங்களில் மூச்சுக்காப்பு மக்களின் மணிக்கட்டுகளில் குடியேறிவிட்டது. அரங்குகளில் மயங்கி விழுவோருக்கெனத் தனி வரிசை ஒதுக்கப்பட்டது; அந்த வரிசைக்கு முன்பதிவும் தொடங்கியது. நாமக்கல்லில் ஒரு முடிதிருத்துநர், கபடி நடக்கும் நேரத்தில் சவரம் செய்யப்படாது என்று பலகை எழுதி மாட்டினார். வாடிக்கையாளர் எந்த விநாடியில் துள்ளுவார் என்று சொல்ல முடியவில்லையாம். ஒட்டன்சத்திரத்துத் தலைமையாசிரியர் ஒருவர் மாணவர்கள் மூச்சுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். சென்ற மார்கழியில் காப்பு கச்சேரிக்கும் வந்தது. கேட்போர் மூச்சை விடும்வரை பாடகர் நீட்டிய கார்வையை விடக்கூடாது என்பது ஏற்பாடு. மயிலாப்பூர் சபா ஒன்றில் முன்வரிசை பிடிவாதமாக இருந்துவிட்டதால், மேல் சட்ஜத்தில் நின்ற பாடகரைப் பக்கவாத்தியக்காரர்கள் கைத்தாங்கலாக இறக்க நேர்ந்தது. மறுநாள் நாளிதழ்கள் அதை மாபெரும் வெற்றி என்று எழுதின. பாடகர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு ஒரு வாரம் குரல் இல்லை.

"உங்க முறையீடு என்ன, சென்னியப்பன்?"

சென்னியப்பன் எழுந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, தோற்ற இரவில் உறங்காத கண்கள்.

"ஏனுங்கம்மா, நாங்க அழுவுணி ஆட்டம் ஆடுறவங்க இல்லீங்க. நேத்துக் கடைசி ரெய்டு. ரெண்டு பக்கமும் சமம். இந்த அம்மிணி பாடி வந்துச்சு, தொட்டுச்சு, எங்க புள்ளைங்க கணுக்காலைப் புடிச்சுட்டாங்க. முப்பது முடிஞ்சப்போ அம்மிணி எங்க பக்கம்தானுங்க படுத்துக் கெடந்துச்சு! அந்த அஞ்சு செகண்டு வந்துதானுங்க கையைக் கொண்டுபோய்க் கோட்டுல வச்சுச்சு. அந்த அஞ்சு செகண்டு எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்தா, முன்வரிசை முச்சூடும் சங்கு குளிக்கிறவங்க! கடலுக்கடியில ரெண்டு நிமிஷம் மூச்சைப் புடிக்கிறவங்க. அவுங்க ரசிகருங்களா? கூலிக்கு மல்லுக்கட்ட ஆள் கூட்டிட்டு வந்த மாதிரி ஆச்சுங்க இது."

"கூலியா?" சந்தியாகு நாற்காலியிலிருந்து எழுந்தார். "யாருக்கு வேய் கூலி? டிக்கெட்டு என் காசு, பஸ்ஸு என் காசு, மண்டை உடஞ்சதும் என் மண்டை! நீரு வேணும்னா ஒம்ம ஊர்ல ஜமுக்காளத்துக்கு உள்ள தலைய விட்டுப் பழகிட்டு வாரும்!"

"ஜமுக்காளம் நெய்யறது பவானியிலீங்க. கரூருல பெட்சீட்டு."

"ஏதோ ஒண்ணு! போர்த்திக்கிட்டுப் பிடியும்!"

"உட்காருங்க ரெண்டு பேரும்," என்றார் நடுவர். குரல் உயரவில்லை. இருவரும் உட்கார்ந்தனர். "மிதுரன், அந்தச் சங்குக்குளியாளர்களைக் கழிச்சா, தூத்துக்குடிக்குப் பாதி தேறுதா?"

மிதுரன் தன் கையகத் திரையைப் பார்த்தான். "தேறலை மேடம். நூலிழையில போயிரும்."

கரூர் வரிசையில் ஒருவர் தம்மை மறந்து வாயில் கைவைத்துப் பீப்பி ஊதுவதுபோல் ஓசை எழுப்பினார். வாயிற்காவலர் அவரைப் பார்த்தார்.

அப்போதுதான் ஜெசிந்தா கையை உயர்த்தினாள். முப்பத்திரண்டு வயது, வலக்கணுக்காலில் பஞ்சுக்கட்டு. பதினான்கு ஆண்டுகள் ஆடி, ஒருமுறைகூடக் கோப்பையைத் தொடாதவள். முந்தைய மாலை தொட்டாள். மேல்முறையீடு வந்ததும் அதை மீண்டும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

"அந்தப் பாயிண்டை எடுத்துருங்கம்மா," என்றாள்.

கரூர்க்காரர்கள்கூட மகிழ மறந்தனர்.

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்றார் சந்தியாகு.

"நீங்க பேசாதீங்கப்பா. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தியளா இல்லையா?" அவள் நடுவரிடம் திரும்பினாள். "அம்மா, இவருக்கு ஒரு பக்க நுரையீரல் பாதிதான் வேலை செய்யுது. கடல்ல சங்கு குளிச்சுக் கெட்டது. மூச்சை அடக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. காப்பு போட மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிட்டு, ஒளிச்சுக் கொண்டாந்து போட்டிருக்காரு. நான் கோட்டைத் தொட்டுட்டு எந்திரிச்சுப் பாக்கேன், முன்வரிசையில மயங்கி விழுந்து மண்டை உடஞ்ச இவரைத் தூக்கிட்டுப் போறாவ. கோப்பையைக் கையில குடுக்காவ, எனக்கு அது என்னன்னே தெரியலை. நீங்க இந்த மூச்சு செல்லும்னு எழுதினியன்னா, அடுத்த வருஷமும் இவரு போடுவாரு. அஞ்சு செகண்டுக்கு எங்கப்பாவைக் குடுக்க மாட்டேன்."

"நான் எங்கட்டி போனேன்? இந்தா இருக்கேன்லா," என்றார் சந்தியாகு. ஆனால் அதை அவர் தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அங்கயற்கண்ணி விதிப்புத்தகத்தைத் திறந்தார். உரிய பத்தியை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுமுறை படித்தார்.

"மிதுரன், இங்கே 'அரங்கில் காப்பணிந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர்'னு இருக்கு. அவரவர் அணியின் ஆதரவாளர்னு இல்லையே?"

"அது... விதி எழுதினப்போ சோதனை ஆட்டத்தை எங்க ஆபீஸ் ஆளுங்களை வச்சுத்தான் நடத்தினோம் மேடம். எல்லாரும் ஒரே பக்கம். அப்புறம் நெசமான ஆட்டத்துல ரெய்டு போற அணியோட காப்பை மட்டும் எண்ணுற மாதிரி மாத்திட்டோம். எதிரிக்காக எவன் மூச்சைப் புடிப்பான்?"

"நேத்துக் கரூர்க்காரங்க அந்த நேரத்துல மூச்சு விட்டாங்களா, இல்லையா?"

"தெரியாது மேடம். சொந்த அணி ரெய்டு போகாதப்போ காப்பு பதிவு பண்ணாது. எதிரணியோட மூச்சுக்கு விளம்பரதாரர் கிடைக்கலை."

"நாங்க எதுக்குங்க புடிக்கப் போறோம்?" என்றார் சென்னியப்பன். "எதிராளி பாடி வந்தா ஊதறதுதானுங்க எங்க வழக்கம். எட்டு வருசமா, ஒரு ரெய்டு விடாம, அத்தனை பேரும் பீப்பி ஊதுவமுங்க. பாடறவளுக்குத் தன் பாட்டே காதுல விழக்கூடாது. எங்களை மாதிரி மூச்சு விடறவங்க இந்தத் தமிழ்நாட்டுலயே கெடையாதுங்க."

எட்டு ஆதரவாளர்களும் தலையசைத்தனர். அதில் ஒரு பெருமிதம் இருந்தது.

"நல்லது," என்றார் அங்கயற்கண்ணி. "எல்லாருக்கும் ஒரு காப்பு கொடுங்க. சந்தியாகு தவிர. சொந்த அணி, எதிரணி பார்க்காம, அத்தனை பேர் மூச்சையும் அது பதியட்டும். கடைசி மூணு ரெய்டையும் போட்டுக் காட்டுங்க, சத்தத்தோட."

"எனக்கு?" என்றார் சந்தியாகு.

"நீங்க மூச்சு விடுங்க. அது உத்தரவு."

பதினாறு காப்புகள் வழங்கப்பட்டன. தட்டச்சருக்கும் ஒன்று, வாயிற்காவலருக்கும் ஒன்று, வழங்கியவனும் ஒன்றை மாட்டிக்கொண்டான். நடுவரும் ஒன்றை வாங்கி, சற்றுத் தயங்கி, இடக்கையில் அணிந்தார்.

சுவர்த்திரை ஒளிர்ந்தது. முதல் ரெய்டு தூத்துக்குடியுடையது. உடனே பீப்பியோசை அறையை நிறைத்தது; ஆயிரக்கணக்கான பீப்பிகள் ஒரே சுருதியில் சேராமல் ஒலிக்கும் அந்த ஓசையைக் கேட்டுக் கரூர் வரிசை முகம் மலர்ந்தது. ஒருவர் தொடையில் தாளம் போட்டார். ஒரு காப்பும் அதிரவில்லை. அடுத்தது கரூருடையது, இப்போது தூத்துக்குடித் தரப்பு கூச்சலிட்டது, அதிலும் ஒன்றும் நிகழவில்லை. தட்டச்சர் கொட்டாவியை மறைத்துக்கொண்டார்.

மூன்றாவது ரெய்டு.

ஜெசிந்தா நடுக்கோட்டைக் கடந்தாள். திரையில் அவள் மிகச் சிறியவளாகத் தெரிந்தாள். அரைவட்டமாக நின்ற கரூர் வீராங்கனைகள் ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி பின்வாங்கி, பின்வாங்கி, அவளை உள்ளே விட்டனர். அவள் இடப்புறம் போக்குக் காட்டினாள், வலப்புறம் பாய்ந்தாள், விரல் நுனி ஒரு தோளை உரசியது. அந்தக் கணமே ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது. அவள் விழுந்தாள். மேலே ஒருத்தி விழுந்தாள், இன்னொருத்தி. அந்தக் குவியலின் அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, தரையைப் பற்றிப் பற்றி, நடுக்கோட்டை நோக்கி ஊர்ந்தது.

அவளுடைய பாட்டு தெளிவாகக் கேட்டது. கபடி, கபடி, கபடி. அடித்தொண்டையிலிருந்து, உடைந்து, ஆனால் விடாமல்.

ஜெசிந்தா தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் தலையை உயர்த்தினாள். முந்தைய மாலை அவளுக்கு அது கேட்டிருந்தது. ஏன் கேட்டது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

பீப்பி இல்லை. திரையில் ஒரு பீப்பிகூட ஒலிக்கவில்லை. எட்டாண்டு வழக்கம், ஒரு கரூர்க்காரர் மீதமின்றி, மறக்கப்பட்டிருந்தது.

சென்னியப்பன் முன்னால் சாய்ந்திருந்தார். முடிவு அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவர் இங்கே வந்திருந்தார். ஆயினும் அவருடைய வாய் பாதி திறந்து நின்றது, மார்பு அசையவில்லை. திரையில் அந்தக் கை இன்னும் ஒரு சாண் தொலைவில் இருந்தது.

அவருடைய மணிக்கட்டில் காப்பு அதிர்ந்தது.

அடுத்தவருடையது அதிர்ந்தது. அதற்கடுத்தவருடையது. வரிசை முழுவதும், தேன்கூட்டைத் தட்டியதுபோல், ரீங்காரம் பரவியது. தட்டச்சருடையதும் அதிர்ந்தது, அவர் அதை விரோதமாகப் பார்த்தார். வாசலில் நின்ற காவலர், "எப்பா!" என்று மூச்சைவிட்டுச் சுவரில் சாய்ந்தார். திரையில் விரல் கோட்டைத் தொட்டது, அரங்கு வெடித்தது, அறையும் ஏறக்குறைய வெடித்தது. கரூர் ஆதரவாளர் ஒருவர் கைதட்டிவிட்டார். பிறகு தம் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கயற்கண்ணி தம் இடக்கையை மேசைக்குக் கீழே இறக்கினார். மிதுரன் கையகத் திரையைப் பார்த்தான், நடுவரைப் பார்த்தான், மீண்டும் திரையைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமலிருப்பது நல்லது என்று முடிவு செய்தான்.

"சென்னியப்பன்," என்றார் நடுவர், "உங்க ஆளுங்க ஏன் ஊதலை?"

சென்னியப்பனின் காதுகள் சிவந்திருந்தன. "ஊதித்தான் இருப்பாங்க..."

"மூச்சைப் புடிச்சுக்கிட்டு எப்படி ஊதுறது?"

பக்கத்திலிருந்தவர் மெல்ல, "அண்ணா, எனக்கு நேத்துப் பீப்பி வாயிலேயேதானுங்க இருந்துச்சு. ஊதோணும்னு தோணவே இல்லீங்க," என்றார்.

"சும்மாருடா!" சென்னியப்பன் நிமிர்ந்தார். "அம்மா, புடிச்சமுங்க. ஒத்துக்கறேன். ஆனா அவளுக்காகப் புடிக்கலீங்க! பயத்துல புடிச்சோம். எங்கே தொட்டுருவாளோன்னு பயம். இது எப்படிங்க அவ கணக்குல சேரும்?"

"நியாயமான கேள்வி." அங்கயற்கண்ணி இடப்புறம் திரும்பினார். "சந்தியாகு, நீங்க நேத்து எதுக்கு மூச்சைப் புடிச்சீங்க?"

"மகளுக்காகத்தான்."

"அதைக் கேட்கலை. அந்த நேரத்துல மனசுல என்ன இருந்துச்சு?"

சந்தியாகு நெற்றிக்கட்டைத் தடவினார்.

"பயம்தாம்மா," என்றார். "எங்கே மாட்டிக்கிடுவாளோன்னு பயம். அஞ்சு செகண்டு, பத்து செகண்டு, அதெல்லாம் நெனப்புலயே இல்லை. காப்பு போட்டிருக்கதே மறந்துட்டு. காப்பு இல்லன்னாலும் புடிச்சிருப்பேன். நான் என்ன செய்ய? அதுவா நின்னுபோச்சு."

சென்னியப்பன் அவரைப் பார்த்தார். அறைக்குள் வந்ததிலிருந்து முதன்முறையாக, ஏதோ சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நெசம்தானுங்க," என்றார் மெதுவாக. "அதுவா நின்னுருச்சுங்க."

ஜெசிந்தாதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள்; முடியவில்லை. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மன்றத்தார் இருவர், பிறகு கரூரின் கடைசி ஆள், பிறகு காவலர். கடைசியில் சென்னியப்பனின் தொந்தி குலுங்கத் தொடங்கியது. போதிய மூச்சின்றி முப்பது விநாடி இருந்தவர்களுக்கு, திடீரென்று காற்று கிடைக்கும்போது வரும் சிரிப்பு அது. அதற்கு ஆட்ட விதிகளில் இடமில்லாததால், நடுவர் அது தீரும்வரை பேனாவின் மூடியைத் திருகிக் காத்திருந்தார்.

பிறகு தட்டச்சரிடம் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் முற்றுப்புள்ளி வரை மனத்தில் முடித்துக்கொண்டே வாய் திறந்தார்.

"மனுதாரர் கோரியபடி, சங்குக்குளியாளர்களின் மூச்சு கணக்கிலிருந்து நீக்கப்படுகிறது. மூச்சடக்குவதைத் தொழிலாகக் கொண்டவரும், மூச்சடக்க மருத்துவரால் தடை செய்யப்பட்டவரும் இனி எந்த அணிக்கும் மூச்சளிக்க இயலாது."

சந்தியாகு வாயைத் திறந்தார். மகள் அவர் கையைப் பிடித்தாள். அவர் வாயை மூடினார்.

"எனினும், விதி அரங்கையே குறிக்கிறது, அணியை அன்று. கரூர்த் தரப்பின் ஊதல் அந்த ரெய்டில் முழுமையாக நின்றது என்பதை ஒலிப்பதிவும், ஊதுவோர் மூச்சை அடக்கியே இருந்தனர் என்பதை இந்த அறையும் மெய்ப்பித்தன. சங்குக்குளியாளர்களைக் கழித்த பின்னும் அரங்கில் பாதிக்கு மேற்பட்டோர் மூச்சடக்கியிருந்தனர். எனவே கூடுதல் ஐந்து விநாடி செல்லும். புள்ளி செல்லும். கோப்பை தூத்துக்குடிக்கு உரியது."

"அப்போ என் மூச்சு?" என்றார் சந்தியாகு, தாங்கமாட்டாமல்.

"உங்க மூச்சு உங்களுக்கு," என்றார் நடுவர். "உங்க மக ஜெயிச்சது அவர் மூச்சுல." பேனாவால் சென்னியப்பனைச் சுட்டினார்.

அது ஒரு கணம் இருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சந்தியாகு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், சென்னியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப உபகாரம் மக்கா!"

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்க மாமா," என்றார் சென்னியப்பன். கையை ஆனால் விடுவித்துக்கொள்ளவில்லை.

"இறுதியாக," என்று தொடர்ந்தார் அங்கயற்கண்ணி, "ஒருவர் யாருக்காக மூச்சை அடக்குகிறார் என்பதை இக்கருவி அறியாது, அடக்குபவரும் அறியார். அறிய இயலாததை எண்ணிக்கையாக்கி ஆட்டத்தில் சேர்த்தல் முறையன்று. ஆடி முடித்த ஆட்டத்தின் விதியை மாற்ற இந்த நடுவருக்கு அதிகாரமில்லை. ஆடப்போகும் ஆட்டத்துக்கு உண்டு. அடுத்த பருவம் முதல் மூச்சுக்காப்பு விலக்கப்படுகிறது."

"மேடம்," என்றான் மிதுரன் பரிதாபமாக, "அப்ப ஜனங்க எதுக்கு வருவாங்க?"

"இப்ப எதுக்கு மூச்சைப் புடிச்சாங்களோ, அதுக்குத்தான்."

மிதுரன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அவனுடைய காப்பும் அதிர்ந்திருந்தது. சோதனைகளில் ஆயிரம் முறை பார்த்த அதிர்வை அன்றுதான் முதன்முறையாக உணர்ந்தவன்போல் அதைத் தொட்டுப் பார்த்தான்.

அச்சுத்தாள் வந்தது. அங்கயற்கண்ணி அதைச் சொல் சொல்லாகப் படித்து, ஓரிடத்தில் விடுபட்ட காற்புள்ளியை இட்டு, கையொப்பமிட்டார். பிறகு கையொப்பத்துக்குக் கீழே தம் கையாலேயே இரண்டு வரி எழுதினார். மனுதாரருக்கே முதற்படி என்பது நடைமுறை; அவர் தாளை நீட்டினார். சென்னியப்பன் எழுந்து வந்து மறுமுனையைப் பற்றினார். தாள் இருவர் கையிலும் இருக்கும்போதே அவர் பார்வை அந்தக் கடைசி வரிகளுக்குப் போயிற்று.

'குறிப்பு: காட்சியின்போது நடுவரின் காப்பும் அதிர்ந்தது. எந்த அணிக்காக என்பதை அவரால் சொல்ல இயலவில்லை.'

சென்னியப்பன் அசையாமல் நின்றார்.

"மூச்சு விடுங்க," என்றார் அங்கயற்கண்ணி. தாளைத் தம் கையிலிருந்து விட்டார்.